கேட் வரைக்கும்

அந்த மனநல மையத்தில் அவளுக்குச் சுவிட்சம்மா என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று சம்பளப் பட்டியலில் இருக்கத்தான் செய்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி யாராவது விசாரித்தால் வாட்ச்மேனே, "அப்படி யாரும் இங்க இல்லையே" என்பார். ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடினால் போதும், மாடியில் இருந்தாலும் அவளுக்கு மூக்கில் வேர்த்துவிடும். இறங்கி வந்து சுவிட்சைத் தட்டிவிட்டு, "காத்து யாருக்கு, நாற்காலிக்கா?" என்று பொதுவாக ஒரு கேள்வியைப் போட்டுவிட்டுப் போவாள்.

மையத்தின் நிர்வாகி அவள்தான். மருந்து இருப்பு, ஆட்களின் விடுப்பு, ஒழுகுகிற குழாய், வராத துப்புரவுக்காரர் எல்லாம் அவள் தலையில்தான். சிக்கனம் அவளுக்கு ரத்தத்தில் ஊறிய சமாச்சாரம். பழைய சுற்றறிக்கையின் பின்பக்கத்தில்தான் புதிய சுற்றறிக்கை வரும். கை கழுவும் சோப்பை இரண்டாக வெட்டித்தான் வைப்பாள். "அம்மா, இந்த சோப்பத் தேடுறதுக்கே ஒரு ஆள் போடணும் போலிருக்கே" என்று டாக்டர் ஒருநாள் சிரித்தார். "அந்த ஆளுக்கும் சம்பளம் கேப்பீங்க, நீங்களே தேடிக்குங்க" என்றாள். வீட்டில் அவள் கணவர் பேப்பர் படிக்க வேண்டுமென்றால் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொள்வார். பகலில் விளக்குப் போட்டு வாங்கிக் கட்டிக்கொள்ள அவருக்குத் தெம்பில்லை.

இப்படிப்பட்டவள்தான் ஒருநாள் செலவைக் குறைக்க வந்த அதிகாரியோடு மல்லுக்கு நின்றாள். அது எப்படி என்று சொல்ல வேண்டுமானால் முதலில் அந்த மையத்தின் ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும்.

மையம் என்பது ஒரு பழைய மாடி வீடு. கீழே காத்திருக்கும் கூடம், அதை ஒட்டி இரண்டு பேச்சு அறைகள், பின்பக்கம் மருந்து கொடுக்கும் ஜன்னல். வாசற்படியிலிருந்து தெருக் கேட் வரை ஒரு சிமெண்டுப் பாதை. வந்தவர் பேசி முடித்து எழுந்தால் ஆலோசகரும் கூடவே எழுந்து, அந்தப் பாதையில் கேட் வரைக்கும் நடந்து போய் வழியனுப்புவார். யார் ஆரம்பித்துவைத்தது என்று தெரியாது. எந்த விதிமுறையிலும் எழுதிவைக்கவில்லை. ஆனால் அங்கே வேலை செய்கிறவர்களுக்கு அதன் காரணம் தெரியும். அறைக்குள் உட்கார்ந்திருக்கும்போது மனிதர்கள் எல்லாவற்றையும் சொல்வார்கள். பசி இல்லை என்பார்கள், பக்கத்து வீட்டுச் சண்டையைச் சொல்வார்கள், மேலதிகாரியைத் திட்டுவார்கள். சொல்ல வந்ததை மட்டும் சொல்ல மாட்டார்கள். செருப்பை மாட்டிக்கொண்டு, நடந்து போய், கேட் கொண்டியில் கை வைத்த பிறகுதான், "அப்புறம், ஒரு சின்ன விஷயம்…" என்று அது வெளியே வரும். அந்தச் சின்ன விஷயம் ஒருநாளும் சின்னதாக இருந்ததில்லை.

ஆலோசகர்கள் இரண்டு பேர். ஒருவர் நெட்டையம்மா, நிலைப்படி இடிக்கும் உயரம். இன்னொருவர் ம்ம் சார். எதிரே இருப்பவர் என்ன சொன்னாலும் "ம்ம்" என்று மட்டும் சொல்லிக் கேட்டுக்கொண்டிருப்பார் என்பதால் அந்தப் பெயர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சுவிட்சம்மாவுக்கு இந்த வழியனுப்பும் கூத்து அறவே பிடிக்கவில்லை. உள்ளே அறையில் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும், கூடத்தில் அடுத்த ஆள் கால் மாற்றிக் கால் போட்டுக்கொண்டிருப்பார், இவர்கள் கேட்டருகே நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். மாடி ஜன்னலிலிருந்து பார்த்துப் பார்த்துப் பல்லைக் கடிப்பாள்.

அவள் வாயை அடைத்தது அவளுடைய கொழுந்தன்தான்.

கணவரின் தம்பி. மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தான். கல்யாணம் ஆகவில்லை, அண்ணன் வீட்டில்தான் சாப்பாடு, படுக்கை. கலகலப்பான பையன், ஒரு கட்டத்தில் கடையைத் திறப்பதை நிறுத்தினான். பிறகு குளிப்பதை நிறுத்தினான். சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். சுவிட்சம்மாதான் கையைப் பிடித்து இழுக்காத குறையாக மையத்துக்குக் கூட்டி வந்து ம்ம் சாரிடம் ஒப்படைத்தாள். வாராவாரம் வந்தான். வந்து, மோட்டார் எப்படிச் சூடாகும், கம்பி எப்படிக் கருகும் என்று அறைக்குள் பாடம் நடத்திவிட்டுப் போனான். ஒருநாள் பகல் அவள் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது, கேட் கொண்டியில் வைத்த கையை அவன் எடுத்தான். ஏதோ சொன்னான். ம்ம் சார் அன்று ம்ம் கொட்டவில்லை. அவன் முழங்கையை மெதுவாகப் பிடித்து, அப்படியே திருப்பி, உள்ளே கூட்டிக்கொண்டு வந்து டாக்டரை வரச் சொன்னார். அன்று சாயங்காலம் டாக்டர் சொன்னபடி வீட்டில் அவன் கைக்கு எட்டக் கூடாத சில சாமான்களை எடுத்து அவள் அலமாரியில் பூட்டினாள். கேட்டருகே அவன் என்ன சொன்னான் என்று அவள் கேட்கவில்லை, இன்றுவரை கேட்டதில்லை. அங்கே சொன்னது அங்கேயே இருக்க வேண்டும் என்பது மையத்தில் எல்லாரும் காக்கிற கட்டுப்பாடு.

அவன் எழுந்து வர நாள் பிடித்தது. ஆனாலும் வந்தான். கடையைத் திறந்தான், கடன் சொல்லிப் போகிற வாடிக்கையாளர்களை மறுபடி கிண்டல் செய்ய ஆரம்பித்தான், மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு அவ்வப்போது ம்ம் சாரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். அதற்குப் பிறகு சுவிட்சம்மா கேட்டருகே நிற்பவர்களைக் குறை சொன்னதில்லை. "போறப்ப ஃபேன அணைச்சிட்டுப் போங்க சார், புண்ணியமாப் போகும்" என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

இந்த நிலையில்தான் மேலிடத்திலிருந்து அந்த அதிகாரி வந்து சேர்ந்தான். சின்ன வயது. மடிக்கணினியும் கையுமாக இருப்பான். மரியாதை தெரிந்தவன். சர்க்கரை இல்லாமல் டீக்கு மேல் டீயாகக் குடிப்பான். எதைப் பார்த்தாலும் "இத பாதியாக் குறைக்கலாமே" என்பான். வந்த அன்றே ஊழியர்கள் அவனுக்குப் பாதி சார் என்று பெயர் வைத்துவிட்டார்கள். சுவிட்சம்மாவின் அரை சோப்பைக் கண்டு அவன் நெகிழ்ந்தே போனான்.

"மேடம், எல்லா மையத்துலயும் உங்கள மாதிரி ஒருத்தர் இருந்தா எனக்கு இங்க வேலையே இல்ல."

"அப்போ உங்க பிழைப்புக்கு நான்தான் உலை வெச்சதாப் பேராயிடும் சார். டீ சாப்பிடுங்க."

டீயைக் குடித்துக்கொண்டே அவன் திட்டத்தை விரித்தான். இரண்டு பேச்சு அறையிலும் சுவரில் திரை. எங்கோ தூரத்தில் ஒரு நிறுவனத்தில் ஆலோசகர்கள் உட்கார்ந்திருப்பார்கள், திரையில் வந்து பேசுவார்கள். ஆளுக்கு இருபது நிமிடம். நேரம் முடிந்தால் திரை தானே அணையும், அடுத்தவர் உள்ளே போகலாம். நெட்டையம்மாவுக்கும் ம்ம் சாருக்கும் நன்றி சொல்லி அனுப்பிவிடலாம். அவள் ஒரு வார்த்தை பரிந்துரை செய்தால் உள்ளூர் நிர்வாகக் குழு மறுபேச்சுப் பேசாது.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"சார், சோப்ப வெட்டுறது வேற. கைய வெட்டுறது வேற."

"மேடம், சிக்கனத்துக்குப் பேர் போனவங்க நீங்களே இப்படிச் சொன்னா எப்படி?"

"அதனாலதான் சொல்றேன். எதுல கை வைக்கலாம், எதுல கை வைக்கக் கூடாதுன்னு எனக்கு நல்லாத் தெரியும்."

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. "சரி மேடம், குழு முன்னாடியே நடத்திக் காட்டுறேன். பார்த்துட்டுச் சொல்லுங்க" என்றான். "காட்டுங்க" என்றாள். குரல் கணீரென்றுதான் வந்தது.

வீட்டுக்குச் செய்தி அவளுக்கு முன்பே போய்விட்டிருந்தது. வாட்ச்மேன் வாய் அப்படி. கொழுந்தன் சாப்பிட்டான், தட்டைக் கழுவிக் கவிழ்த்தான், சமையலறை நிலையில் வந்து சாய்ந்து நின்றான்.

"அண்ணி, நான் அந்த டிவிகிட்டல்லாம் பேச மாட்டேன்."

"உன்ன யாரு பேசச் சொன்னது?"

"ம்ம் சாரப் போகச் சொல்லிட்டா…" சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "மறுபடி சுவரப் பார்த்துப் படுத்துருவேனோன்னு பயமா இருக்கு அண்ணி."

அந்தப் பயம் அவளுக்கும் இருந்தது. ஆனால் முகத்தில் காட்டுகிற ஆளா அவள்? "அவர் எங்கயும் போக மாட்டார். நான் ஒருத்தி அங்க எதுக்கு இருக்கேன்? போய்த் தூங்கு" என்றாள். சொல்லிவிட்ட பிறகு, சொன்னதைக் காப்பாற்றுவது எப்படி என்று வெகுநேரம் பாத்திரம் தேய்த்துக்கொண்டே யோசித்தாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், திரைக்கு ஒயர் இழுக்க உள்ளூரில் ஆள் தேடிய பாதி சாருக்கு வாட்ச்மேன் கைகாட்டிய ஆள் சாட்சாத் அந்தக் கொழுந்தனேதான். அவன் ஏணியோடு வந்து இறங்கினான். யாரும் இல்லாத நேரம் பார்த்து அண்ணியின் காதோடு சொன்னான்:

"ஒரே ஒரு ஒயர லேசாத் தளர்த்தி விட்டாப் போதும் அண்ணி. நடுவுல படக்குனு நின்னுரும். திட்டம் காலி."

"கன்னத்துல ஒண்ணு விட்டேன்னா! வாங்குன கூலிக்கு ஒழுங்கா வேலையப் பாரு. படம் கண்ணாடி மாதிரி தெரியணும்."

"அப்புறம் நாம தோத்துட்டா?"

"தோக்க மாட்டோம். அப்படியே தோத்தாலும் ஒயரத் தளர்த்தி ஜெயிச்சோம்னு பேர் வேண்டாம்."

அவன் முனகிக்கொண்டே வேலையை முடித்தான். படம் கண்ணாடி மாதிரிதான் தெரிந்தது.

குழு கூடிய அன்று காத்திருக்கும் கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். குழுவின் தலைவி வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், நியாயமான மனுஷி. வியாபாரிகள் சங்கத்திலிருந்து வந்த உறுப்பினர் எதற்கும் ஆதாரம் கேட்பவர். திரைமுன் உட்கார யாராவது ஒருவர் வேண்டும் என்றதும், சிகிச்சைக்கு வருகிறவர் யாரையும் காட்சிப்பொருள் ஆக்க விடமாட்டேன் என்று ம்ம் சார் அழுத்தமாகச் சொல்லிவிட்டார். தலைவி பாதி சாரைப் பார்த்தார்.

"உங்க திட்டம்தானே, நீங்களே உக்காருங்க. எங்க எல்லார் முன்னாடியும்தான் பேசணும், பரவாயில்லையா?"

"தாராளமா மேடம்" என்று அவன் பேச்சு அறைக்குள் போய் உட்கார்ந்தான். கதவைத் திறந்து வைத்து எல்லாரும் பார்த்தார்கள். திரையில் வந்த பெண்ணுக்கு இதமான குரல், பொறுமையான முகம். சுவிட்சம்மா குற்றம் கண்டுபிடிக்கத்தான் பார்த்தாள், அந்தப் பெண்ணிடம் ஒரு குற்றமும் இல்லை. தூக்கம் எப்படி என்று கேட்டாள். படுத்தா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறேன் என்றான். வேலை? ரொம்பப் பிடிச்ச வேலை. மனசுல ஏதாவது பாரம்? அப்படி எதுவும் இல்லங்க என்று சிரித்தான். இருபது நிமிடம் ஆனதும் அந்தப் பெண் வணக்கம் சொன்னாள், திரை அணைந்தது. நல்லாத்தான இருக்கு என்று குழுவில் தலைகள் ஆடின.

"நாங்க பேசி ஒரு முடிவுக்கு வர்றோம். நீங்க வெளியில ஒரு டீ சாப்பிட்டு வாங்க சார்" என்றார் தலைவி.

அந்த மையத்தில் ஒருவர் அறையை விட்டு எழுந்தால் இன்னொருவர் கூட எழுவது அனிச்சையாக நடக்கிற காரியம். ம்ம் சாரையும் நெட்டையம்மாவையும் குழு கேள்வி கேட்டுக்கொண்டிருந்தது. அதனால் சுவிட்சம்மா எழுந்தாள். சிமெண்டுப் பாதையில் இருவரும் நடந்தார்கள். எதிராளியை வழியனுப்பப் போகிறோமே என்று அவளுக்கே கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

கேட் கொண்டியில் கை வைத்தவன், திறக்காமல் நின்றான்.

"மேடம்… ஒரு சின்ன விஷயம்."

சுவிட்சம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வார்த்தை அவளுக்குப் பழக்கம். ஆனால் தன்னைப் பார்த்து யாரும் அதைச் சொன்னதில்லை.

அவன் என்ன சொன்னான் என்பதை இங்கே எழுதுவதற்கில்லை. மையத்தில் அத்தனை பேரும் காக்கிற கட்டுப்பாட்டைக் கதை சொல்கிறவன் மட்டும் மீறுவது அழகில்லை. அவனைப் பற்றியதுதான், சும்மா விட்டுவிடுகிற விஷயம் இல்லை என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். சொல்லும்போது அவன் தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அவள் குறுக்கே பேசவில்லை, புத்தி சொல்லவில்லை. முடிந்ததும், "சார், இத நீங்க ம்ம் சார்கிட்ட சொல்லணும். இன்னைக்கே சொன்னாலும் சரி. நான் கூட வர்றேன்" என்றாள். அவன் தலையை ஆட்டினான். கொண்டியைத் திறந்து தெருவில் இறங்கிப் போனான்.

திரும்பி நடக்கும்போது அவள் கையில் துருப்புச் சீட்டு இருந்தது. உள்ளே போய் ஒரே வாக்கியம் சொன்னால் போதும். திரையைப் பார்த்து அடித்துப் போட்ட மாதிரி தூங்குகிறேன் என்ற ஆள் கேட்டருகே என்ன சொன்னான் தெரியுமா என்று ஆரம்பித்தாலே திட்டம் அங்கேயே படுத்துவிடும். கொழுந்தன் நிலைப்படியில் சாய்ந்து நின்ற முகம் கண்முன் வந்தது. சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நாளைக்குக் கொழுந்தன் கேட்டருகே சொன்னதை இன்னொருத்தி இப்படி நாலு பேர் முன்னால் எடுத்து வீசினால் தனக்கு எப்படி இருக்கும் என்று நினைத்தாள். படியேறுவதற்குள் முடிவு செய்துவிட்டாள்.

"நீங்க என்னம்மா சொல்றீங்க? சிக்கனத்துல உங்கள மிஞ்ச ஆளில்லன்னு கேள்விப்பட்டேன்" என்றார் தலைவி.

"செலவக் குறைக்கணும், அவ்வளவுதானங்க? மாடில என் ரூம எடுத்து வாடகைக்கு விடுங்க. நான் மருந்து ஜன்னல் பக்கத்துல ஒரு மேஜையப் போட்டுக்கறேன். எனக்குன்னு இருக்கிற போன எடுத்துருங்க. இன்னும் குறைக்கணுமா, நான் வழி சொல்றேன், எனக்கு அது கைவந்த கலை. ஆனா இவங்க ரெண்டு பேரத் தொடாதீங்க."

"ஏன்?"

"சொல்ல வந்தத ஆளுங்க அறையில சொல்றதில்லங்க. கிளம்புறப்ப கேட் பக்கத்துலதான் சொல்றாங்க. அந்தத் திரையால கேட் வரைக்கும் நடந்து வர முடியாது."

வியாபாரிகள் சங்கத்துக்காரர் நிமிர்ந்தார். "இதுக்கு ஆதாரம் இருக்கா?"

"இருக்கு."

"சொல்லுங்க."

"சொல்ல முடியாது."

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. அவர் கையை விரித்தார். "சொல்ல முடியாத ஆதாரத்த வெச்சுகிட்டு நாங்க என்னம்மா பண்றது?" அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. சுவிட்சம்மா உட்கார்ந்துவிட்டாள். தோற்றுவிட்டோம் என்றுதான் நினைத்தாள். ஆனால் வாயை மூடிக்கொண்டதற்காக வருத்தப்படவில்லை. தலைவி, திட்டத்தை ஏற்கிறவர்கள் கையைத் தூக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தார்.

வாசலில் பாதி சார் நின்றுகொண்டிருந்தான். டீ குடித்த மாதிரி தெரியவில்லை. சுவிட்சம்மாவின் பக்கம் திரும்பாமல் தலைவியைப் பார்த்துச் சொன்னான்:

"மன்னிக்கணும் மேடம். அது இன்னும் முடியல."

"எது?"

"நான் உக்காந்து காட்டினது."

"முடிஞ்சுதே சார், திரை அணைஞ்சுதே?"

"திரை முடிச்சிடுச்சு. நான் முடிக்கல." அவன் ம்ம் சார் பக்கம் திரும்பினான். இரண்டு தடவை தொண்டையைச் செருமினான். "சார், உங்களுக்கு இப்போ நேரம் இருக்குமா?"

"இருக்கு. வாங்க தம்பி" என்று ம்ம் சார் எழுந்தார். குழுவில் யாரையும் அவர் அனுமதி கேட்கவில்லை. இருவரும் அறைக்குள் போனார்கள், கதவு சாத்திக்கொண்டது.

வியாபாரிகள் சங்கத்துக்காரர் கையைத் தூக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் தலையைச் சொறிந்தார். தலைவி மெதுவாகக் கேட்டார்: "எவ்வளவு நேரம் ஆகும்?"

"சொல்ல முடியாதுங்க. அவருக்கு ஆகுற நேரம் ஆகும்" என்றாள் சுவிட்சம்மா.

தலைவி அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திட்டக் காகிதங்களை ஒன்றாக அடுக்கி எடுத்துப் பைக்குள் வைத்தார். "ஆதாரம் வேணும்னீங்களே" என்று சங்கத்துக்காரரிடம் கேட்டார். அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார். "ரெண்டு பேரும் இங்கயே இருக்கட்டும். இந்தம்மா சொன்ன மாதிரி அந்த மாடி ரூம வாடகைக்கு விட ஏற்பாடு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுத் தலைவி எழுந்தார்.

வாய் கொடுத்ததற்கு ரூம் போனது. போகட்டும் என்று இருந்தது அவளுக்கு. எல்லாரும் கலைந்த பிறகு மாடிக்குப் போய், இன்னும் எடுக்கப்படாமல் இருந்த தன் போனிலிருந்தே கொழுந்தனின் கடைக்குப் போட்டாள். எடுத்தான். பின்னால் ஏதோ ஒரு மோட்டார் இரைந்துகொண்டிருந்தது.

"ம்ம் சார் எங்கயும் போகல. இங்கதான் இருப்பார்" என்றாள்.

மோட்டார் சத்தம் நின்றது.

"இன்னொரு தடவ சொல்லுங்க அண்ணி" என்றான். "சரியாக் கேக்கல."

சரியாகத்தான் கேட்டிருந்தது என்று அவளுக்குத் தெரியும். இன்னொரு தடவை சொன்னாள்.